போகக்கூடாத பீஸ்

மழை விழுந்தால் ஆமை வெளியே வரும். இதில் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை, குண்டடத்துப் பக்கம் கொறங்காடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொறங்காடு என்றால் உழாமல் மேய்ச்சலுக்கே விட்ட காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கொன்று இங்கொன்றாய் வெள்ளைவேலா மரமும். வெயில் காலம் முழுக்க அந்த வேலியடியில் கல்லோடு கல்லாகக் கிடக்கிற நட்சத்திர ஆமைகள், நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால் மறுநாள் காலையில் புல்லுக்குள் நடந்து திரியும். கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடு நட்சத்திரம் நட்சத்திரமாய் ஓடும். அந்த ஓட்டுக்காகத்தான் அவற்றைத் திருடிக் கடல்தாண்டி அனுப்புகிறார்கள். முகலட்சணத்துக்காக யாரும் ஆமை திருடியதாகத் தெரியவில்லை.

முந்தின நாள் நல்ல மழை. செல்லாத்தாள் விடிந்ததும் விடியாததுமாக அவிநாசிபாளையத்திலிருந்து கிளம்பிவிட்டாள். அங்கே அவளுக்குச் சொந்தமாக ஒரு பிரிண்டிங் பட்டறை, பனியன் துணியில் பூவும் பொம்மையும் அச்சடிக்கிற தொழில். பட்டறையில் மாஸ்டராக இருக்கிற முனீஸ்தான் வண்டி ஓட்டினான். உசிலம்பட்டிக்காரன், வாயாடி, ஆனால் வேலையில் சுத்தம். காட்டுப் படலைத் திறந்து உள்ளே போய் இருவரும் வேலியோரமாகவே ஒரு சுற்று வந்தார்கள். ஆமையைக் காணோம். இன்னொரு சுற்றும் வந்தார்கள். மயில் நின்றது, கீரி ஓடியது, ஈரத்தில் மரவட்டை ஊர்ந்தது. ஆமை மட்டும் இல்லை.

"என்னக்கா இது, ஒன்னுகூடக் கண்ணுல படல?" என்றான் முனீஸ்.

"வாயை மூடிட்டுப் பாரு. புல்லுக்குள்ள எங்காச்சும் கெடக்கும்."

கிடக்கவில்லை. செல்லாத்தாள் குனிந்து வேலியடிக் கல்லையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். புருஷன் விட்டுப்போன காடு அது. பங்காளிகள் எல்லாரும் தங்கள் பங்கை வெயிலில் மின்சாரம் எடுக்கிற கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். நாலு பக்கமும் தகடு தகடாக மின்ன, நடுவில் இவள் காடு மட்டும் மண்ணும் முள்ளுமாய் நின்றது. கேட்டு வந்த புரோக்கர்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஏன் என்றால், "ஆமைக்குங்க" என்பாள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? வீட்டுக்குள் ஆமை வந்தாலே ஆகாது என்கிற ஊர் இது. இங்கே ஒருத்தி ஆமைக்காகக் காட்டை விற்காமல் வைத்திருக்கிறேன் என்கிறாள்!

அவளுக்கு அந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவன் வேறு யாருமில்லை. அவள் கூடப்பிறந்த தம்பி வேல்குமார்.

தறி போய் பனியன் வந்த குடும்பம் அவர்களுடையது. தொழில் மாறினாலும் பழனியாண்டவர் மாறவில்லை. சிறுவயதில் பாதயாத்திரை போகும்போது இந்தக் குண்டடத்து ரோட்டில்தான் வேல்குமார் முதன்முதலில் ஒரு ஆமையைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டான். அப்பா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, எடுத்த இடத்திலேயே விடவைத்தார். இப்போது அவன் குழந்தை உடுப்பு ஏற்றுமதி செய்கிறவன். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு, யாரிடமும் குரலை உயர்த்தாத பேச்சு. ஊரில் நல்ல பெயர். அக்காவுக்கு அவன்மேல் உயிர். அவன் பேச்சைக் கேட்டால் மட்டும் அவளுக்குள் இருக்கிற, எதிலும் குறை கண்டுபிடிக்கிற செக்கர் தூங்கிவிடுவாள்.

அவன் ஒருநாள் பட்டறைக்கு வந்து, "அக்கா, ஆமைப் பண்ணை போடலாம்னு இருக்கறேனுங்க்கா" என்றான்.

"கோழிப் பண்ணை தெரியும். ஆமைப் பண்ணைன்னா என்ன கண்ணு, கொழம்பு வெக்கவா?"

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினான். வெளிநாட்டில் இந்த ஆமையை வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். நேர்வழியில் கிடைக்காததால் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால் காட்டில் திருடுகிறார்கள். பண்ணையிலேயே குஞ்சு பொரித்து, வளர்த்து, முறையான காகிதத்தோடு கொடுத்துவிட்டால் முள்ளுக்குள் கைவிட்டுத் திருட எவனுக்குத் தலையெழுத்து? வருஷக்கணக்காய் மனுப்போட்டு, சோதனைக்கென்று ஒரே ஒரு பண்ணைக்கு அனுமதி வாங்கிவிட்டான். கடத்தலில் பிடிபட்ட ஆமைகளில் சிலவற்றை வனத்துறையே தாய் ஆமைகளாய்க் கொடுக்கப்போகிறது. இடம்கூடப் பொங்கலூரில் பார்த்தாயிற்று.

"காட்டுல இருக்கறதைக் காப்பாத்தறதுக்குத்தானுங்க்கா பண்ணையே" என்றான்.

செல்லாத்தாள் ஒன்றும் மக்கு இல்லை. "இரு கண்ணு. ஒரு டிசைன் நல்லா ஓடுச்சுன்னா டூப்ளிகேட் கொறையுமா, கூடுமா? நேத்து வரைக்கும் அதைக் கேள்வியே படாதவனெல்லாம் எனக்கொன்னு வேணும்பான். நீ பத்துப் பேரு கையில ஆமையைக் குடுத்தீன்னா, பாக்கற நூறு பேரு கேப்பாங்க. உன்ற பண்ணைல பத்தலைன்னா எங்கிருந்து வரும்? என்ற காட்டுல இருந்துதான் வரும்" என்றாள்.

வேல்குமார் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டான். பிறகு, "கலக்க முடியாதபடி ஒரு மார்க் இருந்துட்டா?" என்றான்.

இந்த இடத்தில்தான் செல்லாத்தாள் விழுந்தாள். மார்க் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கை துறுதுறுக்கும். பட்டறை வைப்பதற்குமுன் பல வருஷம், தைத்து வந்த பீஸ்களில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் நின்றவள். திருப்பூரில் செக்கிங் டேபிளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நல்ல பீஸில் யாரும் ஒன்றும் ஒட்டமாட்டார்கள். அது பாட்டுக்கு மடிந்து பெட்டிக்குப் போகும். ஓட்டையோ கறையோ இருக்கிற இடத்தில்தான் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் விழும். ஸ்டிக்கர் விழுந்த பீஸ் எந்தக் காரணத்தைக் கொண்டும் பெட்டிக்குள் போகக்கூடாது. இன்றைக்கும் செல்லாத்தாளின் கைப்பையில் ஒரு ஸ்டிக்கர் ரோல் கிடக்கும். ஓட்டலில் தோசை கருகியிருந்தது என்று தட்டின் விளிம்பில் அம்பை ஒட்டிவிட்டு வந்த ஆள் அவள்.

ஆகவே, காட்டு ஆமைக்குத்தான் மார்க் வைப்பது என்று அவளே முடிவு செய்தாள். மார்க் இருந்தால் போகக்கூடாத ஆமை. பண்ணையில் பிறந்தது வெறும் ஓட்டோடு போகட்டும். வேல்குமார் எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது எனக்குத் தோணலையேங்க்கா!" என்றான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

முனீஸ் மட்டும் ஓரமாய்த் தலையைச் சொறிந்தான். "எங்க ஊர்ப்பக்கம் மாட்டுக்கு மார்க் வெச்சா, அது இன்னாரு மாடுன்னுல்லக்கா அர்த்தம்?"

"மாடு வேற, பீஸு வேற. போய் ஸ்கிரீனைக் கழுவு போ."

நைலான் துணியில் அடிப்பதற்கென்று ஹார்ட்னர் கலக்கிற மஞ்சள் பசை ஒன்று உண்டு. ஒட்டினால் ஒட்டினதுதான், துணி கிழிந்தாலும் அது போகாது. அடுத்தடுத்து இரண்டு மழைக்காலம் அக்காவும் மாஸ்டரும் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் திரிந்தார்கள். வாலுக்கு மேலே ஓட்டின் விளிம்பில் உட்பக்கமாய், திருப்பிப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பொட்டு. ஆமையைப் புரட்டினால் அது பயத்தில் மூத்திரம் அடிக்கும், அடித்ததெல்லாம் முனீஸ் சட்டையில்தான். "எனக்கு எதுக்குக்கா இந்தப் பொழப்பு, நான் பூ பிரிண்டு அடிக்க வந்தவன்" என்று புலம்பிக்கொண்டே அடுத்ததைத் தேடுவான். நாய் கடித்து விளிம்பு உடைந்த ஆமை ஒன்றுக்கு அவனே மூளி என்று பேர் வைத்தான்.

வேல்குமார் ஒருநாள் வந்து படலுக்கு வெளியே நின்று பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, பழனி இருக்கிற தெற்குத் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "பழனியாண்டவர் சத்தியமா சொல்றேனுங்க்கா. இந்த மார்க் வெச்ச ஒன்னுகூட என்ற பண்ணைக் கேட்டைத் தாண்டாது."

அந்த வார்த்தைக்குப் பிறகு அவளுக்கு வேறு என்ன வேண்டும்? காட்டில் வெள்ளாடு மேய்க்கிற பெரியாத்தாளிடம், "மார்க் வெச்ச ஆமையை உங்க கண்ணு மாதிரிப் பாத்துக்கோணுங்க" என்று சொல்லிவைத்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் தம்பியின் பெருமையைப் பேசினாள்.

இப்போது அந்தக் காட்டில்தான் ஆமை இல்லை.

ஆட்டை ஓட்டிக்கொண்டு பெரியாத்தாள் வருவதைப் பார்த்ததும் செல்லாத்தாள் ஓட்டமும் நடையுமாய்ப் போனாள். "ஏனுங், ஆமையெல்லாம் எங்கீங்க? ஒன்னையும் காணமே?"

"அதானுங் கண்ணு, பண்ணைக்காரங்க வந்து ஓட்டிட்டுப் போயிட்டாங்களே! உங்களுக்குத் தெரியாதா?"

"எந்தப் பண்ணைக்காரங்க?"

"உங்க தம்பி ஆளுகதான். போன மழைக்கு வேன்ல வந்தாங்க. நானு மொதல்ல உடலீங்க, தொறட்டியத் தூக்கிட்டுப் போயி படலை மறிச்சுட்டு நின்னேன். அதுல ஒருத்தன் ஒன்னைத் திருப்பிக் காட்டுனானுங்க. 'பாருங்காத்தா, மஞ்ச மார்க்கு வெச்சிருக்குது. இதெல்லாம் பண்ணையோடது, மேய உட்டிருந்தோம், இப்ப எடுத்துட்டுப் போறோம்'னான். மார்க் வெச்சது நீங்கதான்னு எனக்குத் தெரியுமில்ல? சரின்னு உட்டுட்டேன்." பெரியாத்தாள் குரலைத் தாழ்த்தி, கெட்டிக்காரத்தனம் செய்த மாதிரி சொன்னாள்: "மார்க் இல்லாத குட்டி ஒன்னு ரெண்டையும் சாக்குல போட்டானுங்க. அதை மட்டும் நானு புடுங்கி வேலிக்குள்ள உட்டுட்டேன். மார்க் வெச்சதுக்கு அடியில புல்லு போட்டு, நோகாம எடுத்து வெச்சுக் குடுத்தேனுங்க கண்ணு. பத்தரமாப் பாத்துக்கச் சொன்னீங்களே."

அந்த மனுஷியிடம் என்ன சொல்வது? திருடன் வந்தான், காவல்காரி தடியோடு நின்றாள், செல்லாத்தாள் வைத்த பொட்டைக் காட்டிக் கதவைத் திறக்கவைத்திருக்கிறார்கள். முனீஸ் சொல்லாமலே போய் வண்டியை எடுத்தான்.

வண்டி நேராகப் பொங்கலூருக்குப் போனது.

பண்ணையில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் முதல் ஷிப்மெண்ட்டை வழியனுப்புகிற விழா. பனியன் முதலாளிகள் எல்லாருக்கும் அழைப்பு, குத்துவிளக்கு ஏற்றப் போகிறவள் செல்லாத்தாள். அழைப்பிதழில் 'எங்கள் குலவிளக்கு' என்று போட்டிருந்தான். அவள் பந்தலைத் தாண்டிப் பின்பக்கத் தொட்டிகளுக்குப் போனாள். முதல் தொட்டியில் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்தவை. தீனி தின்று தின்று ஓடு மேடுமேடாகப் புடைத்து, நட்சத்திரம் கோணிக் கிடந்தது. கடைசித் தொட்டிக்குத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அதைத் தூக்கினாள். வழவழவென்று, கழுவிவைத்த மாதிரி, அவள் காட்டு ஆமைகள். ஒன்றை எடுத்துத் திருப்பினாள். மஞ்சள் பொட்டு இம்மி கலையாமல் இருந்தது. என்ன பசை, என்ன ஹார்ட்னர்!

"அக்கா" என்றான் வேல்குமார் பின்னாலிருந்து.

"என்ன கண்ணு இது?"

அவன் பொய் சொல்லவில்லை. அதையாவது சொல்லவேண்டும். "வாங்கற பையரு ஆளு வந்து பாத்தானுங்க்கா. பண்ணைல வளந்ததுக்கு ஓடு பொடைச்சிருக்குது, பீஸு சரியில்ல, வேண்டாம்னுட்டான். காட்டுல நடந்து திரிஞ்சதுதான் இப்படி வழவழன்னு இருக்கும்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. தேதி குடுத்தாச்சு. நம்ம மிஷின்ல முடியலைன்னா வெளிய ஜாப் ஒர்க் குடுத்து முடிக்கறதில்லீங்களா? அந்த மாதிரி நெனச்சுக்கங்க."

"ஜாப் ஒர்க்கா? என்ற காட்டு ஆமை உனக்கு ஜாப் ஒர்க் பண்ணுச்சா?"

"சத்தம் போடாதீங்க்கா. இந்த ஒரு ஷிப்மெண்ட் போகலைன்னா பண்ணைக்கு அனுமதி போயிரும். பண்ணை போயிட்டா அப்பறம் காட்டுல இருக்கறதை எவன் காப்பாத்துவான்? கொஞ்சத்தைக் குடுத்து மிச்சத்தைக் காப்பாத்தறோம்."

"மிச்சம் எங்கடா?"

அவன் தார்ப்பாயை இழுத்துத் தொட்டியை மூடினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நீங்க எத்தனை நாளைக்குங்க்கா அந்தக் காட்டைக் காப்பாத்துவீங்க? உங்களுக்கு அப்பறம் பங்காளிக அதையும் தகடு போடக் குடுத்துருவாங்க. ஜேசிபி வந்து வேலியைப் பேத்தா ஒன்னு உசுரோட இருக்காது. என்ற கிட்ட இருந்தா இனமாச்சும் தங்கும்."

அதில் உண்மை இருந்தது. அதுதான் அவளுக்கு எரிந்தது. சுத்தப் பொய்யாக இருந்தால் அறைந்துவிட்டுப் போயிருக்கலாம். உண்மையைக் கொண்டுவந்து திருட்டுக்கு முட்டுக் கொடுக்கிறவனை என்ன செய்ய?

"படலுக்கு வெளிய நின்னு சத்தியம் பண்ணியே, அன்னிக்கே இது மனசுல இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"அன்னிக்கு இல்லீங்க்கா" என்றான். இந்தத் தடவை தெற்கே பார்த்துக் கும்பிடவில்லை.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். நாளைக்கு வனத்துறை அதிகாரி வருகிறார். பண்ணையில் பிறந்த ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் மார்க் வைக்கிறோம் என்று அவரிடம் சொல்லியாயிற்று. ஓடு மேடுதட்டிய பண்ணை ஆமைகள் அவர் கண்ணில் படாது. "அவரு உங்களைக் கேட்டா, 'ஆமாங்க, இது நான் வெச்ச மார்க்கு'ன்னு மட்டும் சொல்லுங்க. பொய் ஒன்னும் சொல்ல வேண்டாங்க்கா. நெசத்தைச் சொன்னாப் போதும்."

திரும்பி வரும் வழியில் முனீஸ் கொதித்தான். "இப்பவே போலீசுக்குப் போவம்க்கா. உங்க தம்பின்னா என்ன, யாருன்னா என்ன?"

"என்ற தம்பியைக் கம்பிக்குப் பின்னால வெச்சுட்டு நானு என்னத்த ஆமையைக் காப்பாத்தறது? சும்மா வண்டியை ஓட்டு."

அன்றிரவு அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. தம்பியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, ஆமையும் போகக்கூடாது. புரண்டு புரண்டு படுத்து, கடைசியில் ஒரு வழி இருப்பதாக அவளுக்குப் பட்டது. யார் எடுத்தார்கள் என்றே சொல்லவேண்டாம். மார்க்குக்கு அர்த்தம் என்னவென்று மட்டும் சொல்லிவிட்டால் போதும், அதிகாரி புரிந்துகொண்டு இது தவறி வந்த சரக்கு என்று திருப்பி அனுப்பிவிடுவார். செக்கிங்கில் அப்படித்தான் நடக்கும். தப்பான பீஸைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைப்பார்களே தவிர, அதற்காக யாரையும் தூக்கில் போடமாட்டார்கள். பாவம், உலகமே ஒரு செக்கிங் டேபிள் என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் பந்தல் நிறைய ஆட்கள். எல்லாரும் பனியன் தொழில்காரர்கள், முக்கால்வாசிப் பேர் சொந்தக்காரர்கள். மேளம், சந்தனம், கற்கண்டு. வேல்குமார் பட்டுச் சட்டையில் ரோஜாப்பூ குத்தி நின்றான். செல்லாத்தாள் விளக்கேற்றினாள். முன்னால் மேஜைமேல் பிளாஸ்டிக் தட்டுகளில் ஆமைகளை மல்லாத்தி வைத்திருந்தார்கள், மார்க் தெரியவேண்டுமே! கால் நாலையும் காற்றில் உதைத்துக்கொண்டு அவை கிடந்தன. விளிம்பு உடைந்த மூளி இரண்டாவது தட்டில் இருந்தது.

அதிகாரி திருப்பூருக்குப் புதியவர், மரியாதையான மனிதர். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "அம்மா, இந்த மஞ்சள் அடையாளம் நீங்க வெச்சதுன்னு சார் சொல்றார். அப்படியா?"

"ஆமாங்க. ஒன்னொன்னும் நான் கைப்பட வெச்சதுங்க."

வேல்குமார் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

"அருமையா இருக்கும்மா. பண்ணைக்குன்னு ஒரு முத்திரை இருக்கறது நல்லதுதான்."

"பண்ணை முத்திரை இல்லீங்க. உங்களுக்கு எங்க ஊரு வழக்கம் தெரியாதுங்க. எங்க ஊருல மார்க் வெச்சா அது போகக்கூடாத பீஸுங்க. இதெல்லாம் என்ற காட்டு ஆமை. போகக்கூடாதுன்னுதான் மார்க் வெச்சேன். தவறி இங்க வந்துருச்சுங்க. திருப்பிக் காட்டுல உட்டுருங்க, வேற ஒன்னும் வேண்டாம்."

மேளம் நின்றது. அதிகாரி நிமிர்ந்து வேல்குமாரைப் பார்த்தார். வேல்குமார் அக்காவைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வைதான். அது கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை அவள் கண்ணெதிரே பார்த்தாள். வரவுசெலவு பார்க்கிற கண் அது. வியாபாரத்தில் ஒரு சரக்கைக் கைகழுவும்போது அவனுக்கு அந்தப் பார்வை வரும்.

"சார், எனக்கு இது தெரியவே தெரியாதுங்க" என்றான். குரல் உயரவில்லை. "காட்டுல தனியா அடைச்சு, குஞ்சு பொரிச்சு வளத்துத் தர்றேன்னு அக்காதான் சொன்னாங்க. அவங்க காடு, அவங்க மார்க்கு, பசைகூட அவங்க பட்டறைப் பசைதான். இப்ப அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. கூடப்பொறந்தவங்களாச்சேன்னு நம்பி வாங்குனேனுங்க சார். பழனியாண்டவர் சத்தியமா."

அதே சத்தியம்!

"அடப்பாவி!" என்று முனீஸ் முன்னால் பாய்ந்தான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். "பெரியாத்தாளைக் கூப்ட்டுக் கேளுங்க சார், இவரு ஆளுகதான் வேன்ல வந்து அள்ளிட்டுப் போய்ட்டாய்ங்க!"

அதிகாரி எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். ஷிப்மெண்ட் போகாது என்றார். விசாரணை நடக்கும், பெரியாத்தாளையும் கேட்போம் என்றார். பிறகு செல்லாத்தாளிடம் திரும்பி, சொல்லவே கஷ்டப்பட்டவர்போலச் சொன்னார்: "காட்டு ஆமையைப் பிடிச்சு மார்க் வெச்சதே சட்டப்படி குத்தம்மா. நல்லதுக்குச் செஞ்சிருந்தாலும் குத்தந்தான். நீங்க எங்ககூட ஆபீசுக்கு வந்து வாக்குமூலம் குடுக்கணும்."

"வர்றேனுங்க. ஆமையைக் காட்டுல உட்டுருவீங்கல்ல?"

"உடனே முடியாதும்மா. பண்ணை ஆமைங்களோட கலந்திருச்சு. நோய் இருக்கான்னு பாக்காம விட்டா, காட்டுல மிச்சம் இருக்கறதும் செத்துப்போகும். வழக்கும் முடியணும். அதுவரைக்கும் சீல் வெச்சு இங்கதான் இருக்கும்."

"இங்கயா? இந்தப் பண்ணைலயா?"

"வேற இடம் இல்லையேம்மா."

செல்லாத்தாள் மேஜைக்குப் போனாள். மல்லாந்து கிடந்த ஆமைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தி வைத்தாள். மூளியைக் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தாள். அது வழக்கம்போல மூத்திரம் அடித்து, இந்தத் தடவை அவள் சேலையை நனைத்தது. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதாள், முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பந்தலில் இருந்த சொந்தக்காரர்களில் ஒருவர்கூட எழுந்து வரவில்லை. எல்லாரும் வேல்குமாரிடம் ஏதாவது ஆர்டர் வாங்கித் தைக்கிறவர்கள்.

வேல்குமார்தான் பக்கத்தில் வந்தான். யாருக்கும் கேட்காமல், "பயப்படாதீங்க்கா. நல்ல வக்கீலா வெச்சு நானு உங்களை வெளிய கொண்டாந்தர்றேன். செலவெல்லாம் என்ற பொறுப்பு. எனக்கு வேற வழி தெரியலீங்க" என்றான். உண்மையாகவே சொன்னான். கண்ணில் தண்ணீர்கூட நின்றது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவள் மூளியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள், டேபிளுக்கு வந்த பீஸைப் பார்க்கிற மாதிரி, காலரிலிருந்து கீழ்வரை. பிறகு கைப்பையைத் திறந்து ஸ்டிக்கர் ரோலை எடுத்தாள். சிவப்பு அம்பு ஒன்றை நகத்தால் உரித்து, அவன் பட்டுச் சட்டையில், ரோஜாப்பூவுக்குப் பக்கத்தில், முனை நெஞ்சைக் காட்டுகிற மாதிரி ஒட்டி, ஒட்டியது விழாமல் இருக்கக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினாள்.

"முனீஸு, பட்டறையைப் பூட்டிராத. திங்கக்கிழமை டெலிவரி இருக்குது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் போய் ஏறிக்கொண்டாள்.

"என்ன சார் அது?" என்று அதிகாரி பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பந்தலில் இருந்த மற்ற எல்லாரும் பனியன்காரர்கள். அவர்களுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.